வயிற்றில் ஒரு வழி

அறுத்த நெல்லை மாடு விட்டுச் சூடு மிதிக்கிற நாட்களில்தான் என் வயிறு என்னைக் கைவிட்டது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே இடப்பக்கத்தில் ஒரு பிடிப்பு இருந்தது. சில நாள் வயிறு கல்லுப்போல் இறுகும். பிறகு தானாக இளகிவிடும். எங்கள் ஊர்ப் பரியாரியார் வாய்வு என்று சொல்லி, இஞ்சிச் சாற்றில் கலந்து குடிக்க ஒரு தூள் தந்தார். நானும் வாய்வென்றே நம்பினேன். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில் உடம்பு ஏதாவது சொல்லத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரம் வயிற்றைப் பற்றி நினைக்க எனக்கு நேரமும் இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம்.

நான்கு பெற்று எனக்குத் தங்கியது அவள் ஒருத்திதான். அதுவும் எனக்கு வயதான பிறகு பிறந்தவள். மாப்பிள்ளைக்கு மண்டூர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு மகளுடையதாகிவிடும். தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். என் தாயும் எனக்கு அப்படித்தான் ஒதுங்கித் தந்தா. கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வளவில், கிணற்றடி ஓரமாக என் கணவர் புதுவீட்டுக்குக் கப்புக்கால் நட்டுவிட்டார். கூரை வேய்வதுதான் மிச்சம்.

அன்றைக்குச் சூடு மிதிக்கிற களவெட்டிக்குச் சோறு கொண்டு போனேன். பெட்டியை இறக்கி வைத்தது நினைவிருக்கிறது. நிமிர முடியவில்லை. வைக்கோலில் அப்படியே விழுந்து வாந்தி எடுத்தேன். கடைசியில் வந்த வாந்தி வாயால் வரக்கூடாத மணத்தோடு வந்தது. அதைப் பார்த்ததும் என் கணவர் சூட்டில் மிதித்துக்கொண்டிருந்த எருதுகளை அவிழ்த்து வண்டியில் பூட்டினார். வீட்டு வாசலில் மகளையும் ஏற்றிக்கொண்டு, மண்முனைத் துறையில், ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வண்டியோடு ஏற்றி வாவியைக் கடந்தோம். அக்கரையில் ஒரு கார் பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் என் தலை மகளின் மடியில் கிடந்தது. அவள் விடாமல் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

பெரிய டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “வெட்டினாலும் பிழைப்பா எண்டு சொல்லேலாது. வெட்டாட்டி நாளைக்கு இல்ல.”

என் கணவர் என்னைப் பார்த்தார். “வெட்டுங்க ஐயா” என்றார்.

முகத்தில் துணி போட்டு ஏதோ ஊற்றினார்கள். அழுகின பழத்தின் இனிப்பு மணம். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது வாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் தர மாட்டோம் என்றார்கள். ஈரத் துணியால் உதட்டை நனைத்தார்கள். வயிற்றைச் சுற்றித் தடிப்பாகக் கட்டியிருந்தது. அதற்குள்ளே இடப்பக்கத்தில், என் கட்டுப்பாட்டில் இல்லாமல், சூடாக ஏதோ வழிவதை உணர்ந்தேன். இரத்தம் என்று நினைத்தேன். பிறகு மணம் வந்தது.

அடுத்த நாள் டொக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று விளங்கப்படுத்தினார். “குடல் முறுக்கிக் கறுத்துப்போச்சு. கறுத்த துண்ட எடுத்தாச்சு. மிச்ச ரெண்டு முனையையும் வயித்துக்கு வெளியில வச்சிரிக்கன். இப்ப உடனே பொருத்தி உள்ள விட்டா அழுகிப்போகும். உடம்பு தேறின பிறகு வாங்க, மூடிவிடுவம்.”

“அதுவரைக்கும்?” என்று கேட்டேன்.

“அதுவரைக்கும் அந்த வழியாலதான்” என்றார். அவர் மென்மையாகத்தான் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாள் முழுக்க அப்படியே கிடந்தேன். கட்டு மாற்ற வந்த பறங்கிக்கார நர்ஸ் தமிழில் எவ்வளவோ பேசிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி முஸ்லிம் மனுஷி ஒருத்தி இருந்தா. என்னைவிட மூத்தவ. காலில் ஆறாத புண். அவதான் கடைசியில் கேட்டா.

“என்ன கா, சுவரோடயா கதைக்கிறாய்? அது பதில் சொல்லாதே.”

“நாறுது ராத்தா” என்றேன். “நீங்க வேற கட்டில் கேட்டு மாறுங்க.”

“ஏன், என்ட கால் மணக்கயில்லையா ஒனக்கு? ஒன்ட மணத்த நான் பொறுக்கிறன், என்ட மணத்த நீ பொறு. இந்தா, இஞ்சால திரும்பு.”

திரும்பினேன். வெற்றிலைக் காவி ஏறின பல்லோடு அவ சிரித்தா. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் விழித்தேன். அவவின் வீட்டில் தறி ஓடியது. மகன்மார் நெய்கிறார்களாம். நூல் தட்டுப்பாடு வந்தபின் தறி பாதி நாள் சும்மா நிற்கிறது என்று கவலைப்படுவா. உலக யுத்தத்தால் எல்லாமே குறைந்துபோன காலம் அது.

நான் வீட்டுக்கு வந்தபோது கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டார்களாம், ஆனால் இன்னொரு முறை தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

வந்த அன்றைக்கு மகள்தான் கட்டு மாற்றினாள். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடியே, சுடுநீரில் துடைத்து, வெந்துபோன தோலுக்கு வெள்ளைக் களிம்பு பூசி, துணியை மடித்து வைத்துக் கட்டினாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு மெதுவாக வெளியே போனாள். வீட்டுக்குப் பின்னால் அவள் ஓங்காளிப்பது எனக்குக் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “கஞ்சி தரட்டா அம்மா?” என்றாள். அதைக் கேட்டபோது வந்த வேதனை வெட்டின காயத்தில் வந்ததைவிட அதிகம்.

என் கணவரிடம் சொன்னேன். “அவளக் கட்டு மாத்த விடாதீங்க. கலியாணம் முடிக்கப்போற புள்ள.”

“நான் பாக்கிறன்” என்றார்.

தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே எடுத்தறியாத மனுஷர் அவர். மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு மருந்து கட்டும்போது ஒரு முகம் வைத்திருப்பார், நெற்றியைச் சுருக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு. அதே முகத்தோடு என் பக்கத்தில் குந்துவார். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். “மாடு எண்டாலும் உதைக்கும், நீ சும்மாதானே கிடக்கிறாய்” என்பார். அழுதுகொண்டே சிரிப்பேன். சிரித்தால் வயிறு இழுக்கும்.

அழுக்குத் துணியை வெளுக்கிறவளிடம் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை. அதனால் விடியலில் அவரே துணிகளை ஓலைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்கு அப்பால் போய்க் கசக்கி அலசி வருவார். வழியில் கேட்டவர்களிடம் மீனுக்குக் கூடு வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பிறகு மீன் எங்கே என்று கேட்பார்களே! தோணிக்காரர்களிடம் மீன் வாங்கிப் பெட்டியின் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு வருவார். அந்த மீனை நான் தின்ன முடியாது. மீன், பலா, மரவள்ளி எல்லாம் வயிற்றை இரைய வைக்கும், மணத்தைக் கூட்டும். குழைந்த சோறும் தயிருந்தான் என் சாப்பாடு.

துணிதான் போதவில்லை. கடைகளில் துணி கிடைக்காத காலம். என் பழைய சீலைகள் எல்லாம் கிழிந்து முடிந்தன. அவருடைய வேட்டிகளும் கிழிந்தன. கலியாணத்துக்கு அவர் உடுக்க வைத்திருந்த ஒன்றுதான் பெட்டியில் மிஞ்சியது. அதையும் ஒருநாள் வெளியே எடுத்தார். நான் பிடுங்கி உள்ளே வைத்தேன்.

அந்த வாரம் காத்தான்குடி ராத்தா வந்தா. கால் புண் ஆறியும் ஆறாமலும், கம்பு ஊன்றி, மகனின் கையைப் பிடித்து, துறை கடந்து வந்தா. மகன் தலையில் ஒரு மூட்டை. அவிழ்த்தால் தறித் துண்டுகளும், தோய்த்துத் தோய்த்துப் பஞ்சுபோலான பழைய சாரன்களும். எங்கெங்கோ சேர்த்திருக்கிறா.

“புதுசு உறுத்தும் கா. பழசுதான் ஒனக்குச் சுகம்” என்றா. தேத்தண்ணி குடித்தா. மகளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினா. எழும்பிப் போகும்போது என் வயிற்றில் கை வைத்து ஏதோ ஓதினா. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

ஆடியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கலியாணத்துக்கு முன் மூடிவிட வேண்டும் என்பது என் எண்ணம். பெரிய டொக்டரைத் திருகோணமலைக்கு எடுத்துவிட்டார்கள் என்றார்கள். யுத்தத்துக்கு அங்கே வேண்டுமாம். புதிதாக வந்த இளம் டொக்டர் பார்த்துவிட்டு, “இத நான் தொடமாட்டன் அம்மா. அவர் வரட்டும்” என்றார். எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியவில்லை.

கலியாணத்தன்று உள்ளறையில் இருந்துவிடுகிறேன் என்றேன். மகள் விடவில்லை. “நீங்க வெளியில வராட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்” என்று சொல்லிவிட்டாள். அதனால் முந்தின நாளிலிருந்தே ஒன்றும் தின்னாமல் இருந்தேன். ராத்தா தந்த துணியில் மெத்தென்றிருந்ததைப் பார்த்து எடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டி, மேலே பட்டு உடுத்தினேன். கணவர் சந்தனத்தை அள்ளித் தந்தார். தாலி கட்டும்போது வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தேன். மேளமும் குரவையும் காதை அடைத்தன. அந்தச் சத்தம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வயிறு ஏதாவது சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்காது.

மேளம் ஓய்ந்த பிறகுதான் பிள்ளைகள் காலில் விழ வந்தார்கள். குனிந்து தூக்கினேன். குனிந்ததுதான் பிழை. கட்டுக்குள் சூடாக இறங்கியது. மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் நின்றா. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, “என்ன மணம் இது? எங்க இருந்து வருது?” என்று சுற்றிப் பார்த்தா. எல்லாரும் பார்த்தார்கள். மகளின் முகம் செத்துப்போனது.

என் கணவர் வந்து என் முன்னால் நின்றார். “அது என்ட மனிசிட வயித்துக் காயம்” என்றார். “குடல வெட்டி உசிரத் தந்திரிக்காங்க. அந்த மணம்தான். வேற ஒண்டுமில்ல.” ஊருக்கு மறைக்க மீன் வாங்கிக்கொண்டு திரிந்தவர், ஊர் முழுக்க நிற்கிற பந்தலில் சத்தமாகச் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டில் சாப்பிடாமலே போனா.

சில நாளில் மருமகன் என்னிடம் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மாமி, கொஞ்ச நாள் நாங்க மண்டூரில இருக்கட்டாம். அம்மா சொல்லுறா.”

“நான் போகமாட்டன்” என்றாள் மகள். “இது என்ட வீடு. ஏன் நான் போகணும்?”

அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். “போ கிளி. நான் சுகப்பட்ட பிறகு வரலாம்” என்றேன். தோணி ஏறும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் கோபம். போகச் சொன்னதற்காக.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. தாயின் மணத்துக்குப் பயந்து ஒரு பெண் போனாள் என்று என்னைப் பற்றித்தான் முதன்முதல் பேசியிருப்பார்கள். பெரிய வீட்டைப் பூட்டினோம். அதில் இருக்க எங்களுக்கு மனமில்லை. கூரை வேய்ந்து முடிந்த சின்ன வீட்டில் இருவரும் இருந்தோம். மகள் இடைக்கிடை வருவாள், அன்றைக்கே திரும்பிவிடுவாள். வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு அதுவும் நின்றது. நோயாளி இருக்கிற வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சி போகக்கூடாதாம். முதற்பேறு தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளுக்கு ஆடியில் நாள் என்றார்கள். அதை நினைத்து நினைத்துச் சின்ன வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

வைகாசி கழிந்தபோது பெரிய டொக்டர் திரும்பி வந்துவிட்டார் என்று ராத்தாவின் மகன் விசளம் கொண்டுவந்தார். நாங்கள் உடனே புறப்பட்டோம். இப்போது மூடினால் ஆடிக்கு எழும்பிவிடலாம், மகளைக் கூட்டிவந்து விடலாம்.

டொக்டர் எச்சரித்தார். “உடம்பு இளைச்சிரிக்கு. பொருத்தின இடம் கசிஞ்சா உசிருக்கு மோசம்.”

“மூடுங்க ஐயா” என்றேன். இந்த முறை நானே சொன்னேன்.

மூடினார்கள். ஆனால் காய்ச்சல் பிடித்தது. தையல் ஓரிடத்தில் விட்டுச் சீழ் வந்தது. நினைத்த நாளில் எழும்ப முடியவில்லை. கணவர் ஒவ்வொரு நாளும் வந்து கட்டிலருகே இருப்பார். ஒருநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். கண் சிவந்து, தாடி வளர்ந்து, காலில் சேறு காய்ந்திருந்தது.

“எங்க போனீங்க?”

“வயலுக்குத் தண்ணி முறை” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “நான் இஞ்ச சாகக் கிடக்கிறன். ஒங்களுக்கு நெல்லுத்தான் பெரிசு.”

தோடம்பழம் ஒன்று கொண்டுவந்திருந்தார். உரித்து, கொட்டையை எடுத்து, ஒவ்வொரு சுளையாக என் வாயில் வைத்தார்.

காய்ச்சல் விட்டது. ஒருநாள் காலையில், இவ்வளவு காலமும் மறந்திருந்த இயல்பான வழியால் காற்றுப் பிரிந்தது. பறங்கி நர்ஸ் கையைத் தட்டிச் சிரித்தாள். சின்னப் பிள்ளைபோல எனக்கு அழுகை வந்தது. கணவரும் அழுதார். அவர் என்னைவிட அதிக நேரம் அழுதார். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மண்டூருக்குப் போவோம் என்றேன். “மறுகா போவம், இப்ப வேணாம்” என்றார். ஆடி பிறந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்கு எல்லாம் வாங்கி வைத்தேன். மிளகு, மஞ்சள், உள்ளி, கொத்தமல்லி. ஒரு காலைநேரம் உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினேன். வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இடித்தேன். கணவர் வந்து உலக்கையைப் பிடித்தார்.

“விடுங்க. எனக்கு ஏலும்.”

அவர் விடவில்லை. “இடிக்காத” என்றார். “புள்ள ஆனியிலயே பிறந்து போச்சு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பொடியன். மூச்சில்ல. நீ காய்ச்சலோட கிடந்தாய். நான்தான் மண்ணில தாட்டன்.”

உலக்கையை இருவரும் பிடித்துக்கொண்டே நின்றோம். யார் முதலில் விட்டோம் என்று தெரியவில்லை.

அடுத்த நாள் தோணியில் மண்டூருக்குப் போனோம். வாசலில் மருமகனின் தாய் நின்றா. என்னைக் கண்டதும் மூக்கை மூடவில்லை. அருகே வந்து என் இரண்டு கையையும் பிடித்தா.

“ரெண்டு நாள் வேதனைப்பட்டா” என்றா. “அம்மா, அம்மா எண்டு ஒங்களத்தான் கூப்பிட்டா. நான் பக்கத்திலதான் நிண்டன். என்னக் கூப்பிடல்ல.” அவவில் எனக்கிருந்த கோபத்தை அந்த நேரம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மகள் பாயில் இருந்தாள். வயிற்றைச் சுற்றிச் சீலையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் கட்டிக் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவள் கேட்டாள்.

“மூடிட்டாங்களா அம்மா?”

“ஓம் கிளி.”

“காட்டுங்க.”

சீலையை விலக்கிக் காட்டினேன். தழும்பின் மேல் விரல் நுனியை வைத்தாள். முன்பு கட்டு மாற்றும்போது நடுங்கிய கை அன்றைக்கு நடுங்கவில்லை.

“நோகுதா?”

“இருமினா நோகும்.”

“எனக்கும்” என்றாள். என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். என் வயிற்றில் முகம் அழுந்தி நொந்தது. நான் அவள் தலையை நகர்த்தவில்லை.

ஆவணித் திருவிழாவரை அங்கேயே இருந்தோம். தீர்த்தம் முடிந்ததும் மகளும் மருமகனும் எங்களோடு வந்துவிடுவதென்று பேசியாயிற்று. மருமகனின் தாய்தான் முதலில் அதைச் சொன்னா. புறப்படுவதற்கு முன் பிள்ளையைத் தாட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். என் கணவர் வாவிக்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். இடையில் ஒரு மழை பெய்திருந்தது. மண் எல்லாம் ஒரே மட்டமாகிப் புல் முளைத்துக் கிடந்தது.

“இஞ்சதான்” என்று காட்டினார். பிறகு இரண்டு எட்டு நடந்து, “இல்ல, இந்தப் பக்கம்” என்றார். ஒரு கல் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். மீண்டும் முதல் இடத்துக்கு வந்தார். எனக்கு அதிக நேரம் நிற்க ஏலாது. அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லில் இருந்தேன்.